மூன்றாவது கட்டம்

ஜேட் மாத வெயிலில் மந்தலி கொதிக்கிறது.
ஜில்லா அலுவலகத்து மின்விசிறி
ஈக்களை மட்டும் இடம் மாற்றி வைக்கிறது.

முதல் கட்டத்தில் பெயர்: இஞ்சுனா.
இரண்டாவதில் பிறந்த தேதி. எழுதியாயிற்று.
மூன்றாவதில் 'தர்', குலப்பெயர்.
பேனா அங்கே நின்றுவிட்டது.

அப்பா எங்கே, என்கிறார் கார்க்கி சார்.
கோலாலம்பூரில்.
கடைசியாக எப்போது பேசினார்?
இவளுக்கு முன்பல் விழுந்த வருஷம்.

தேநீரை ஆற்றியபடி அவராகவே சொல்கிறார்:
பண்டாரி என்றால் சும்மா இல்லை, தெரியுமா?
ராஜாக்களின் களஞ்சியம் காத்தவர்கள்.
நெல்லுக்கும் நெய்க்கும் கஸ்தூரிக்கும்
கணக்கு வைத்திருந்தவர்கள்.
அப்படித்தான் சொல்கிறார்கள்,
என்று தன் பங்குக்கும் ஒரு பூட்டுப் போடுகிறார்.

எனக்குத் தெரியாதா சார்.
பதினெட்டு வருஷமாக அந்தக் களஞ்சியத்தில்தானே இருக்கிறேன்.
இரண்டு மூட்டை கேழ்வரகு,
எலிக்குப் பயந்து உத்தரத்தில் கட்டிய சோளம்,
டோலக்ராஜ் விட்டுப்போன ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
பூகம்பத்தில் நாலு சுவரும் விழ
கதவு மட்டும் பூட்டோடு நின்றது.
அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்
குழந்தையைத் தூக்கி வந்தேன்.

நான் பிறந்தது போக்ரெல் வீட்டில்.
போகரி என்றால் குளம்.
எந்த ஊர்க் குளமோ, யார் வெட்டியதோ,
எங்களில் ஒருவரும் அதில் கால் நனைத்ததில்லை.
ஊரை விட்டுக் கிளம்பியவர்கள்
கொஞ்சம் தண்ணீரைப் பெயரில் மொண்டு வந்திருக்கிறார்கள்.
கல்யாணத்தன்று அது என்னிடமிருந்து வடிந்தது.
அடுத்த நாள் கேஸ் அடுப்புக்குக் கையெழுத்துப் போட்டபோதுதான்
எனக்கே தெரிந்தது.

"அம்மா பெயரில் கொடுக்கச் சட்டம் இருக்கிறதே,"
என்கிறாள் இஞ்சுனா.
இருக்கிறது, என்கிறார். இருக்கிறது, ஆனால்.
அந்த 'ஆனால்' மேசையிலிருந்து உருண்டு
எங்கள் செருப்புக்கு அருகே வந்து நிற்கிறது.
வார்டு சிபாரிசு வேண்டும், சாட்சிகள் வேண்டும்,
ஆளைக் காணோம் என்று போலீஸ் கடிதம் வேண்டும்,
பெரியப்பா வந்து கைநாட்டு வைத்தால் நல்லது.
பெரியப்பாவின் கட்டைவிரல்
அரை ரோபனி நிலம் கேட்கிறது.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இஞ்சுனா பேனாவை வாங்கிக்கொள்கிறாள்.
பண்டாரி, என்று எழுதுகிறாள்.
நிறுத்தாமல் பக்கத்திலேயே போக்ரெல்.
இடம் போதவில்லை.
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி
'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற இடத்தில்
காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

கார்க்கி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.
சிரிப்பா, வியர்வையா, தெரியவில்லை.
"இது செல்லாது. புதுப் படிவம் பத்து ரூபாய்."

இடுப்புக் கச்சையில் சில்லறை தேடும்போது
சாவி நழுவித் தரையில் விழுகிறது.
குனிந்து எடுத்துத் தருகிறார்.
துருவைப் பார்த்துவிட்டு,
"எந்தப் பூட்டுக்கு?"

களஞ்சியத்துக்கு, சார்.