நீலக் கைப்பிடி

புறப்படும்போது இறக்கைகள் நனைந்திருந்தன.
ஜூலை விடியலின் பனி.
துடைத்தேன், முக்கால்வாசி.
மீதியைக் காற்று உலர்த்தும் என்று நினைத்தது
நான்தான், வேறு யாருமில்லை.

பிளாட்பெர்க் மலைக்கு மேலே அலை நின்றது.
கண்ணுக்குத் தெரியாத அலை;
வில்லை வில்லையாய் அடுக்கிய மேகம் அதற்குச் சாட்சி.
எஞ்சின் இல்லாத என்னை
ஆறாயிரம் மீட்டருக்குத் தூக்கிவிட்டு
சத்தமே போடவில்லை.
கீழே ஹாரிஸ்மித், யாரோ கொட்டிவிட்டுப் போன தீப்பெட்டிகள்.
பூட்ஸுக்குள் இருந்த விரல்கள்
என்னுடையவை என்று சொல்ல முடியாது.

போதும் என்று நீலக் கைப்பிடியை இழுத்தேன்.
வரவில்லை.

துடைக்காமல் விட்ட துளி
இறக்கைக்குள் எங்கோ கல்லாகி
பிரேக் தகட்டைக் கவ்விக்கொண்டிருக்கிறது.
இரண்டு கையாலும் இழுக்கலாம்.
ஒரு பக்கம் மட்டும் திறந்துகொண்டால்?
கையைத் தளர்த்தினேன். கோபம் மட்டும் அதிலேயே இருந்தது.

"தண்டேக்கா, பிரேக் உறைந்துவிட்டது."
ரேடியோவில் கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு.
பிறகு,
"நீளமான பாதை உனக்கு. மாடுகளை விரட்டுகிறேன்."

அலையின் இறங்குமுகம் தேடிப் போனேன்.
முந்நூறு மீட்டருக்கு ஒருமுறை மெல்ல ஓர் அசைப்பு.
சாட்ஸ்வர்த் வீட்டில் கீசரை அணைத்தேனா என்று
அப்போது பார்த்துத்தானா தோன்ற வேண்டும்.
வெப்பமானி பூஜ்ஜியத்தைத் தாண்டியது;
பனிக்கட்டிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

ஒரு மீட்டர் உயரத்தை
நாற்பது மீட்டர் தூரமாக நீட்டித் தரும் இறக்கை.
அந்தத் தாராளத்துக்காகத்தான் கடன் வாங்கி வாங்கினேன்.
இன்று அதனிடம் கஞ்சத்தனம் கேட்டுக் கெஞ்சுகிறேன்.

இடது இறக்கை தாழ, வலது கால் முழுக்க மிதிக்க
நண்டு மாதிரி பக்கவாட்டில் சரிந்தேன்.
காற்று கண்ணாடியை ஓங்கி அறைந்தது, அறையட்டும்.
புல்லின் நிறம் தெரிந்ததும் நிமிர்த்தினேன்.
மிதந்தது.
மிதந்தது.
இன்னும் மிதந்தது.
வேலி தன் கம்பங்களை
ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியபடி வந்தது.

சக்கரம் தொட்டது.
சக்கரத்தின் பிரேக்கும் அதே நீலக் கைப்பிடியின் முனையில்.
சிரிப்பு வந்தது, உண்மையாகவே.
வேகம் ஓய்ந்த பிறகு ஓர் இறக்கையைப் புல்லில் சாய்க்க
அரைவட்டம் அடித்து,
வேலிக்கு முதுகைக் காட்டி நின்றது.

தண்டேக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.
என் கை இன்னும் கைப்பிடியில்.
பழக்கத்தில் இழுத்தேன்.
டக்.
இரு இறக்கையிலும் தகடுகள் எழுந்தன,
பெயர் கூப்பிட்டதும் நிமிரும் நாய்க்காதுகள்போல.
உள்ளிருந்து தண்ணீர் காய்ந்த புல்லில் சொட்டியது.

அவள் அதையே பார்த்தாள்.
தோளில் கிடந்த துண்டை
என் மடியில் எறிந்தாள்.