மூன்றாம் நிரல்

முதலாம் நிரலில் பெயர். இரண்டில் வயது.
மூன்றில் முகவரி.
நாலில் வருத்தம். எழுதி எழுதிக் கை சலித்து
இப்போது 'முட்டு' என்று மட்டும் போடுகிறேன்,
டொக்டர் கண்டால் ஏசுவார்.

கச்சான் தொடங்கி இது பதினோராம் இரவு.
சம்மாந்துறையில் வெள்ளாமை வெட்டி முடிய
ஆலைகள் விடிய விடிய ஓடுகின்றன.
வாசலில் ஓட்டோ நிற்கிற விதத்திலேயே
எனக்குத் தெரிந்துவிடும்.
வயிற்று வலி சத்தம் போட்டுக்கொண்டு வரும்.
மூச்சுக்கு வருகிறவர்கள் பேசமாட்டார்கள்.

ஒன்றே முக்காலுக்கு றிஸ்மினா வந்தா.
தோளில் ஆறு வயது அஸ்ஹான்,
கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வருகுது.
"முகவரி?"
"பிரதான வீதி, நூற்றி நாற்பத்தேழு."
மிஸ்ஸி முகமூடியை வைத்து அமத்தினா.
நெபுலைசர் இரைந்தது, ஆலையைப் போலவே,
கொஞ்சம் சின்னதாய்.

மூன்று மணிக்கு இன்னொரு உம்மா, கைக்குழந்தையோடு.
"பிரதான வீதி, நூற்றி நாற்பத்தேழு."

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன்.
பதினொரு இரவு,
பத்தொன்பது தரம்,
ஒரே வீடு.

அந்த வீட்டை எனக்குத் தெரியும்.
கீழே ஹார்ட்வெயார், மேலே முதலாளியின் குடும்பம்,
ஏசி போட்ட மூன்று அறை.
அவருடைய மகளுக்கும் முட்டுத்தான்.
பள்ளிப் பையில் ஒரு நீலப் பம்ப், அலுமாரியில் இன்னொன்று,
மாதத்துக்கு ஒருக்கா கல்முனையில் பெரிய டொக்டர்.
இந்தக் கொப்பியில்
அவளுடைய பெயர் ஒரு நாளும் ஏறியதில்லை.

றிஸ்மினாவின் செருப்பைப் பார்த்தேன்.
விளிம்பெல்லாம் உமி.

"ஆலைக்கு அங்கால, ராத்தா. உமி மேட்டோட ஒட்டின வளவு.
பதினாறு வீடு. இலக்கமில்ல, பெர்மிட்டுமில்ல.
வளவு எண்டு சொன்னா கந்தோரால வந்து எழுப்பிருவாங்க.
முதலாளிதான், கடிதம் வந்தா வாங்கி வைக்கிறவர்."

போன மாதம் சுகாதாரக் கந்தோர்ப் பொடியன் ஒருவன்
இந்தக் கொப்பியைக் கொண்டுபோய்
வரைபடம் கீறி வந்தான்.
பிரதான வீதியில் ஒரே சிவப்புப் புள்ளி.
வீடு வீடாய் அங்கே துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள்:
கம்பளம் விரிக்காதீர்கள்,
பூனை வளர்க்காதீர்கள்,
திரைச்சீலையை வாரம் ஒருமுறை துவையுங்கள்.
வளவு இருந்த இடம் வெள்ளை.
வெள்ளை என்றால் சுகம் என்று
மூலையில் ஒரு கட்டம் சொன்னது.

பேனையை எடுத்தேன்.
வெட்டி எழுதினால் புள்ளி நகரும்.
புள்ளியைத் தேடி யார் வருவார்கள்,
மருந்தோடா, பெக்கோவோடா?
எனக்கு அது தெரியாது. மாதச் சம்பளக்காரி நான்.

"ஆலை மதிலில் இருந்து எத்தனை கவடு?"
"நாப்பது இருக்கும்."
ஓரத்தில், பென்சிலால், 40 என்று போட்டேன்.
அது என்னவென்று கேட்டால்
சொல்வதற்கு இன்னும் ஒரு பொய் யோசிக்கவில்லை.

சுபஹுக்கு முன்னம் அஸ்ஹானுக்கு மூச்சு இறங்கியது.
பிஸ்கட் கேட்டான். தின்றான்.
என் முத்திரைக் கட்டையில் ஊதி ஊதிப் பார்த்தான்,
காற்று வருகிறதா என்று.

ஓட்டோக்காரன் கேட்டான், எங்க இறக்க?
"பிரதான வீதியில இறக்குங்க," என்றா றிஸ்மினா,
"மிச்சத்துக்கு நடந்து போவம்."