வெட்டிப் பயன்படுத்தவும்

சுற்றறிக்கை ஒரு பக்கம்தான்.
கையிருப்பிலுள்ள கடிதத்தாள்களை வீணாக்காது
'வட' என்னும் எழுத்துகளை
ஒற்றைக் கோட்டால் வெட்டிப் பயன்படுத்தவும்.

களுவாஞ்சிகுடி, வலயக் கல்வி அலுவலகம்,
களஞ்சிய அறை, தை மாதத்து ஈரம்.
பதினேழு கட்டு இருந்தது என்னிடம்.
முதல் நூறு தாளை அடிமட்டம் வைத்து வெட்டினேன்,
பிறகு வெறுங்கையால்.
வட கிழக்கு மாகாணம்.
வட போனபின் கிழக்கு
கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது,
பக்கத்துக் கதிரையில் ஆள் எழும்பிப் போன மாதிரி.

இறப்பர் முத்திரையை வெட்டியது ஆதம்பாவா.
சவர அலகு, மூக்குக்கண்ணாடி, கீழே பழைய பேப்பர்.
முத்திரையில் எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி.
"எந்தப் பக்கம் புள்ள வடக்கு?" என்றார்.
மருதமுனையிலிருந்து வருகிறவர்.
பெரியநீலாவணை தாண்டி மாவட்டம் மாறுவதை
பஸ்ஸில் நித்திரையோடு கடக்கிறவர்.

சேர்த்தபோது ஒரு பிரகடனம்.
பிரித்தபோது ஒரு தீர்ப்பு.
நடுவில் பதினெட்டு வருடம்
சர்வசன வாக்கெடுப்பு என்றொரு நாள்
வருடா வருடம் வர்த்தமானியில்
அடுத்த வருடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.
அது வந்தால் எதற்குப் போடுவீர்கள் என்று
அவரை நான் கேட்டதில்லை.
என்னை அவரும்.
ஒரே தண்ணீர்ப் போத்தல், ஒரே மேசை விசிறி.
அந்தக் கதை வந்தால் மட்டும்
யாராவது ஒருவருக்கு வெளியே வேலை இருக்கும்.

மேலிடம் எங்களைக் கேட்டது ஒன்றுதான்:
இன்னும் எத்தனை கட்டு மிச்சம்?

பங்குனியில் படுவான்கரைச் சனம்
எழுவான்கரைக்கு வந்தது.
குருமண்வெளித் துறையில் பாதைக்கு ஓய்வில்லை.
பின்னால் ஷெல். முன்னால் மாடு, பாய், சைக்கிள்.
அவர்கள் கடந்த எல்லைக்கு
அரசியலமைப்பில் அட்டவணை இல்லை.
ஒரு கரையில் சூரியன் எழும், மறுகரையில் படும்,
அவ்வளவுதான் அதன் சட்டம்.
அதே மாவட்டம், அதே மாகாணம்.
கடதாசிப்படி
ஒருவரும் எங்கும் போகவில்லை.

பிள்ளைகளைச் சேர்க்க அனுமதிக் கடிதம் வேண்டும்.
வெல்லாவெளிக் கெங்காதேவி, மூன்று பிள்ளைகள்,
வெட்டின கோட்டைத் தொட்டுக் கேட்டா:
"பிழைச்ச தாளா மிஸ்?
பிரின்சிப்பல் திருப்பி அனுப்பினா
நான் திரும்ப எங்க போக?"

ஆதம்பாவா முத்திரையை வாயால் ஊதி அழுத்தினார்.
கிழக்கு நன்றாக விழுந்தது.
அலகு சரியாய் ஏறாத மூலையில்
'ட'வின் கால் ஒன்றும் கூடவே,
எறும்பளவு.

மை காயும்வரை மடிக்காதீங்க என்றேன்.
மடித்து, சட்டைக்குள் வைத்து,
அவ நடக்கத் தொடங்கியிருந்தா.