தொட்ட பின் கெஜம்

அங்கே ஞாயிறு மதியம்.
இங்கே பங்சார் சவுத், பதினேழாவது மாடி,
திங்கள் பிறந்து ஒரு மணி.
குளிர்சாதனத்துக்குக் கம்பளிச் சட்டை,
கண்ணுக்குச் சொட்டு மருந்து,
பக்கத்து மேசையில் சியூ லிங்கின் உப்புப் பிளம்.
அமெரிக்கர்களின் பந்தாட்டத்தை நான் பார்ப்பதில்லை,
வரிசை வரிசையாகக் கட்டத்தில் அடைக்கிறேன்.

இதற்கு முன் மஸ்ஜித் இந்தியாவில்
நாலு வருஷம் கெஜக்கோல் பிடித்த கை இது.
நேர்காணலில் ஃபைசால் கேட்டார்,
கெஜம் என்றால் என்னவென்று தெரியுமா?
சிரித்துவிட்டேன்.
வேலை கிடைத்தது.

முப்பத்தொன்றாம் எண், கோர்டெல் ஹார்க்னஸ்.
முதன்முதலாக அவன் ஓடி நான் அளந்தது
இரண்டு கெஜம்.
ஒரு ரவிக்கை, கொஞ்சம் மிச்சம்.

பந்தை வாங்கியதும்
கூட்டமான எல்.ஆர்.டி.யில் கைப்பையை அணைப்பதுபோல்
நெஞ்சோடு அணைத்துக்கொள்வான்.
எதிரே பதினொரு பேர்.
அத்தனை பேருக்கும் அந்த நொடி
இவன் ஒருவன்தான் வேலை.
படத்தை நிறுத்துவேன்.
முதல் கை படும் இடத்தைத் தேடி
முன்னால், பின்னால், மறுபடி முன்னால்.
அந்த விரல் தொடுவது சட்டையையா, காற்றையா?
அங்கே ஒரு கோடு போடுவேன்.
கோடுவரை ஓடியது மற்றவர் திறந்துவிட்ட வழி.
கோட்டுக்கு அப்பால் ஓடியதற்குத் தனிப் பத்தி:
தொட்ட பின் கெஜம்.
முப்பத்தெட்டுப் பத்தி நிரப்புகிறேன்.
எனக்குப் பிடித்தது
அது ஒன்றுதான்.

இரண்டாம் வருஷம் தீபாவளிக்கு
இரட்டைச் சம்பளம் என்று வேலைக்கு வந்தேன்.
முறுக்கு எண்ணெய் விசைப்பலகை எல்லாம்.
அன்றிரவு அவன் அறுபத்தொரு கெஜம் ஓடினான்.
ஒரே மூச்சில் பத்துப் புடவை!
வாய்விட்டுக் கத்திவிட்டேன்.
சியூ லிங் காதுக்கருவியைக் கழற்றி
யார் செத்தது என்றாள்.

மூன்றாம் வருஷம், மழைக்கால ஆட்டம்.
பக்கவாட்டில் வந்த ஒருவன் காலில் விழுந்தான்.
விதிமுறை இப்படி:
மூன்று கோணம், கோணத்துக்கு நாலு தடவை.
பன்னிரண்டு முறை அந்த முழங்கால்
என் விரலசைவில் உள்பக்கமாக மடிந்தது.
பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுத்தேன்:
வலது. முழங்கால். ஆட்டத்தைத் தொடரவில்லை.
விடியலில் கெரிஞ்சி நிலையத்தில்
இயந்திரப் படிக்கட்டு வேலை செய்யவில்லை.
ஒவ்வொரு படியாக,
என்னுடைய காலைப் பார்த்துக்கொண்டே
ஏறினேன்.

திரும்பி வந்தான்.
வேறு ஊர், வேறு சட்டை, இருபத்திரண்டாம் எண்.
நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவளுக்குத்தான் தெரியும்,
வலது கால் தரையைக் கேட்டுக்கேட்டு வைத்தது.
கை பட்டதும் விழுந்தான்.
எனக்குப் பிடித்த பத்தியில்
சுழியம், சுழியம், ஒன்று, சுழியம்.
ஒருமுறை விரல் நகத்தளவு காற்றைக்
காற்று என்று நம்பாமல்
தொட்டது என்று முன்னதாகவே கோடு போட்டேன்.
அவனுக்கு ஒரு கெஜம் கூடியது.
ஃபைசால் கண்டுபிடித்துத் திருத்தினார்.
ஒன்றும் சொல்லவில்லை,
டே ஓ பெங் ஒன்று வாங்கி வைத்துவிட்டுப் போனார்.

கடைசி ஓட்டம் மைனஸ் ஒன்று.
துணிக்கடையில் எவ்வளவோ அளந்திருக்கிறேன்,
ஒருநாளும் பின்பக்கமாக அளந்ததில்லை.
செவ்வாய்க்கிழமை ஒரே வரியில் விடுவித்தார்கள்.
வயது இருபத்தேழு.
எண்ணூற்றுப் பதினான்கு ஓட்டம்.
சிட்டைக் கணக்கில் கூட்டிப் பார்த்தேன்:
மூவாயிரத்துச் சொச்சம் கெஜம்.
எங்கள் கடை ஒரு வாரத்தில் விற்றுவிடும்.

அந்த எண் இப்போது வேறொரு பையனுக்கு.
நன்றாகத்தான் ஓடுகிறான்.
அவன் பெயரும் ஹெச்சில் தொடங்குகிறது.
தட்டியதும் கணினி
பழக்கத்தில் ஹார்க்னஸை முதலில் நீட்டுகிறது.
அழிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்து ஏழு வாரம்.
ஒவ்வொரு தடவையும் அம்புக்குறியை அழுத்தி
அவனைக் கடந்து
ஒரு கட்டம் கீழே இறங்குகிறேன்.