அடையாள அணிவகுப்பு

எட்டே காலுக்குத்
தமிழ்ப்பள்ளி மூன்றாம் வகுப்பறையில்
என் பெயரை உரக்கப் படித்தாள் ஒருத்தி:
மாரிக்கண்ணு அனாக் பெரம்புவான் சன்னாசி.
சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு.
ஏழாம் வரியில் ஓர் எண்ணை
யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.

விரலை நீட்டினேன். மை குளிர்ந்தது.

சுங்கை கெலாடியில் இடைத்தேர்தல்.
பதினான்கு நாளாக எங்கும் கொடி.
பால்மரம் வெட்டிய கையெல்லாம்
இப்போது கையுறைத் தொழிற்சாலையில்.
தோட்டம் போய்விட்டது,
பால் எங்களை விடவில்லை.

டத்தோ சிங்காரவேலன் நம்ம ஆள்.
மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னார்:
சங்கிலி அறுக்கிறவன் கையை ஒடிக்கணும்.
கூட்டம் திரும்பி என் கழுத்தைப் பார்த்தது.
நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
போகும்போது ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி.

எதிரே நிற்பவள் நூர் ஹிடாயா, வக்கீல்.
திருடனுக்கு வாதாடியவள் என்று
பேனரிலேயே போட்டிருக்கிறார்கள்.
வாதாடினாள், பொய்யில்லை.
அறுபட்டது என் தாலிச்சங்கிலி.

இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது,
செம்பனை லாரிகள் போகும் சாலை.
மோட்டார் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.
பிறகு பதினோரு தையல்.
அவன் நாசமாய்ப் போகட்டும் என்றேன்.
சாமி படத்துக்கு முன்னால் நின்றே சொன்னேன்.

நான்காம் நாள் போலீஸ் நிலையத்தில்
அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள்.
சுவரோரம் எட்டுப் பேர்.
ஏழு பேருக்கு முகம் இருந்தது.

இவன்தானே ஆன்ட்டி, என்றார் சார்ஜன்.
எவன் என்று கை காட்டவே தேவையில்லை.
கார் கழுவும் கடைப் பையன் கவிராஜ்,
பத்தொன்பது வயது என்று பிறகுதான் சொன்னார்கள்.
தெரியலை என்றேன்.

இரக்கப்பட்டு விட்டுவிட்டாள் என்று ஊரில் பேச்சு.
இரக்கமெல்லாம் இல்லை.
அவனாக இருந்திருக்கலாம்,
இல்லாமலும் இருந்திருக்கலாம்.
எனக்கு இனி எப்போதுமே தெரியாதபடி
அடித்துவிட்டார்கள்.

வழக்கு நிற்கவில்லை. சங்கிலியும் வரவில்லை.

போன வாரம் அவள் எங்கள் தாமானுக்கு வந்தாள்.
நான் கேட்டைத் திறக்கவில்லை.
தமிழில் வணக்கம் மட்டும், மிச்சமெல்லாம் மலாய்.
"அவனுக்கு நீ இருந்தே.
எனக்கு யார் இருந்தா?"
கம்பி இடுக்கில் துண்டறிக்கையை நீட்டிய கை
அப்படியே நின்றது.
யாருமில்லை, என்றாள்.
மன்னிப்புக் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை.
பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டே இருக்க
என் போலீஸ் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.
இரண்டு வருடத்தில்
அந்த எண்ணைக் கேட்ட முதல் ஆள்.

இன்று காலை கோப்பி ஓ ஆறிக்கொண்டிருந்தது.
மலாய்க்காரிக்கா போடப் போறே, என்றார் வீட்டுக்காரர்.
டத்தோ நம்ம ஆளு, பார்த்துக்கோ.
கவிராஜும் நம்ம ஆளுதானே என்றேன்.
அவர் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
மறுபடியும் ஓர் அணிவகுப்பு.
நான்கு பெயர், நான்கு சின்னம்.
யார் முகமும் வீங்கியிருக்கவில்லை.
இவன்தானே என்று
யாரும் காதருகே வந்து நிற்கவில்லை.
பேனாவைக் கட்டியிருந்த நூல் குட்டை,
குனிந்துதான் போட வேண்டியிருந்தது.

போட்டேன்.

மன்னிப்பில்லை இது,
குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.
ஒரே ஒரு பெருக்கல் குறி.
எதை எதோடு பெருக்கினேன் என்று
ராத்திரி எண்ணுகிறவர்கள் சொல்லட்டும்.

மதியம் டத்தோ கொடுத்த அரிசியைத்தான் பொங்கினேன்.
கொஞ்சம் குழைந்துவிட்டது.
யாருக்கும்மா போட்டே, என்றான் மகன்.
மை விரலால் ஊறுகாயை எடுத்து
அவன் தட்டில் வைத்தேன்.
சாப்பிடு.