உறவு என்ற கட்டம்

ராயபுரம் ஆஸ்பத்திரி வாசலில்
ரிஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் வைக்கிறார் வாட்ச்மேன்.
பெயர். நேரம். கையெழுத்து.
நடுவில் ஒரு கட்டம்: உறவு.

அம்மாவா? இல்லை.
மாமியாரா? இல்லை.
நாத்தனார், ஓர்ப்படி, பக்கத்து வீடு?
டூலா, என்றேன்.
தூளா? என்றார்.
பின்னால் நின்ற டீக்காரப் பையன் சிரித்துவிட்டான்.
உள்ளே மோனிஷாவின் குரல்
மூன்றாம் முறையாக என்னைக் கூப்பிட்டது.
'அத்தை' என்று எழுதிவிட்டு ஓடினேன்.
போன வாரம் இன்னொருத்திக்குச் சித்தி.
அதற்கு முந்தி, பேர் கேட்க நேரமில்லாத ஒரு ராத்திரியில்
வெறும் கோடு.

டில்லிபாபு ஹார்பர் கேட்டில் நிற்கிறான்.
அவன் டிரெய்லருக்கு முன்னால் எண்பது வண்டி,
பின்னால் கணக்கில்லை.
வரிசையை விட்டு விலகினால்
விடிந்தாலும் உள்ளே போக முடியாது.
"டெலிவரி ஆச்சாக்கா?"
"உனக்கு ஆச்சா?"
"அப்டியே நிக்குது."
"இங்கயும்தான்."

நான் மருத்துவச்சி இல்லை.
பிள்ளையை ஏந்துகிற கை என்னுடையதில்லை.
ஊசி, கத்திரி, கையுறை எதுவும் என் பையில் கிடையாது.
இருப்பது ஒரு டென்னிஸ் பந்து,
ஸ்ட்ரா போட்ட டம்ளர், ஈரத்துண்டு,
குளிரும் என்று தெரிந்ததால் ஒரு ஜோடி சாக்ஸ்.
வலி ஏறும்போது அவள் இடுப்பெலும்பில்
இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து அழுத்துவேன்,
ஸ்டார்ட் ஆகாத ஆட்டோவைத் தள்ளுகிற மாதிரி.
இறங்கும்போது ஒரு வாய்த் தண்ணீர்.
"கத்தலாமாக்கா?"
கத்து.
"சிஸ்டர் திட்டுது."
சிஸ்டருக்கு இன்னிக்குப் பதினோரு கட்டில்.
திட்டட்டும். நீ கத்து.

மூன்று நாற்பதுக்கு
என் முன்கையில் நாலு நகம் இறங்கியது.
மூன்று நாற்பத்தொன்றுக்கு
அறையில் ஓர் ஆள் கூடியிருந்தது.

சர்க்கரை வாயில் போட, படம் எடுக்க,
மூக்கு யாருடையது என்று சண்டை பிடிக்க
அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள்.
பதினோராம் நாள்
காசிமேட்டு ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடிக்கு
யாரும் ஏறவில்லை.
ஏறினேன்.
குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.
அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்,
நைட்டி மார்பில் இரண்டு பக்கமும் நனைந்து.
"யாரோட புள்ளையோ தெரியலக்கா.
கொண்டுபோய்க் குடுத்துடலாமா?"

பதில் என்று ஒன்றும் என்னிடம் இல்லை.
குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு
லாரித் தண்ணியில் மிச்சமிருந்ததைக் காய வைத்தேன்.
குளிச்சுட்டு வா. அவசரமில்ல. தாழ்ப்பாள் வேணாம்.
மக் சத்தம் நிற்கும்போதெல்லாம்
"மோனி" என்றேன்.
"ம்."
மக் சத்தம்.
"மோனி."
"ம்."
இருபத்தேழு 'ம்' எண்ணினேன்.
இருபத்தெட்டாவது வரக் கொஞ்சம் தாமதமானது.
அந்தக் கொஞ்சத்தைப் பற்றி
யாரிடமும் பேசியதில்லை.

மறுநாள் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டோம்.
டில்லி ஒரு டிரிப்பை விட்டான்.
முதலாளி விடச் சொல்லவில்லை, அவனாகத்தான் விட்டான்.
மாத்திரை எழுதினார்கள், தூக்கத்தையும் எழுதினார்கள்.
அதனால் ராத்திரிப் பாலாடை அவனுடையது,
துணி அலசுவதும்.
கீழ்வீட்டம்மா வேப்பிலை கொண்டுவந்தாள், காத்து கருப்பு என்று.
வாங்கி நிலையில் செருகினேன்.
அவளையே மத்தியானம் ஒரு மணி நேரம்
குழந்தையை வைத்திருக்கச் சொன்னேன்.
சம்மதித்தாள்.

கூலி கேட்பவர்களுக்கு:
சில வீடுகளில் ரூபாய்.
இங்கே இரண்டு கிலோ வவ்வால், ஐஸோடு.

நாற்பத்து மூன்றாம் நாள்
மொட்டைமாடிக் கொடியில் துணி போட்டுக்கொண்டே
சட்டென்று திரும்பினாள்.
"பாருக்கா, இதுக்கு டில்லி காது. அதே மடிப்பு.
சனியன்."
அதற்குப் பிறகு நான் அடிக்கடி போகவில்லை.

என் கையில் நாலு பிறையும் மறைந்துவிட்டன.
நேற்று கொருக்குப்பேட்டையிலிருந்து போன்.
ஷம்ஷாத், ஏழாம் மாசம்.
வீட்டில் வேறு யாரும் இல்லை.
நகம் கடிக்கிற பழக்கம் உண்டு என்றாள்,
ஏதோ வியாதியைச் சொல்வதுபோலத் தயங்கி.

நல்லதும்மா, என்றேன்.