பொருள்கோடல்

நெடுங்கேணி றோட்டின் ஒரு பாதியில்
நெல் காய்ந்துகொண்டிருந்தது.
மறுபாதியில் என் வாகனம்.
எதிரே உழவு இயந்திரம் வர
சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
நெல்லில் ஏற்றாதே என்றேன்.
முந்நூறு யார் பின்னுக்கு எடுத்து
மதவடியில் ஒதுங்கி நின்றோம்.
அன்றைக்கு நான் போட்ட சட்டம்
அது ஒன்றுதான்.

கூட்டுறவுச் சங்க மண்டபத்தில்
நூறு கதிரை, நாற்பத்தொரு பேர்.
அறுவடைக் காலம், வந்ததே பெரிது.
ஒலிவாங்கி கீச்சிட்டுப் பார்த்துவிட்டு
என் குரலுக்கு இணங்கியது.

கடந்த அமர்வுகளில் நிறைவேறியவை
ஐந்து சட்டமூலங்கள் என்று தொடங்கினேன்.
நுண்கடன் கம்பனிகள் இனி
இரவில் வந்து படலையைத் தட்ட முடியாது.
நிறுவை, அளவை திருத்தம்:
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பது
இனிக் குற்றம்.
கைதட்டினார்கள்.
எழுதியவர்கள் வேறு யாரோ;
கைதட்டலை நான் வைத்துக்கொண்டேன்.
பிந்திய பிறப்புப் பதிவு. முத்திரைத் தீர்வை.
ஐந்தாவதை வேகமாக வாசித்தேன்.

வேகமாக வாசிக்கப்படுபவை பற்றி
இந்தச் சனத்துக்குப் பழைய பழக்கம் உண்டு.
நாலாம் வரிசையில் எழும்பினார் தவறஞ்சினி,
கமக்காரர் அமைப்பின் பொருளாளர்.
கையில் அதே சட்டமூலம்,
என்னுடையதைவிடக் கசங்கிய பிரதி.

"பொருள்கோடல் பிரிவை வாசியுங்கோ."

வாசித்தேன்.
'வனம்' என்பது,
பத்து ஆண்டுகளுக்குக் குறையாது கைவிடப்பட்டு
மரங்கள் இயல்பாக வளர்ந்துள்ள
எந்தக் காணியையும் உள்ளடக்கும்.

"கைவிடப்பட்ட எண்டால்?"

பக்கத்தைப் புரட்டினேன்.
அந்தச் சொல்லுக்கு அங்கே பொருள் தரப்படவில்லை.

"எங்கட வயலுக்குள்ள வீரை நிக்குது.
பாலை நிக்குது. நாங்கள் நடேல்லை.
நாங்கள் முகாமில தண்ணிக்கு வரிசையில நிண்டம்,
அதுகள் இஞ்ச நிண்டதுகள்.
மரத்துக்கு நிவாரண அட்டை தேவையில்லை,
பாஸ் தேவையில்லை, வளந்திட்டுது.
இப்ப எல்லைக்கல்லு போட்டிருக்கினம்.
உறுதி எங்கட பேரில.
நிழல் ஆற்றை பேரில?"

பின்வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கிப்
பாதியில் விட்டார்.

"இதுக்கு நீங்கள் கை உயர்த்தினீங்களோ?"

கை உயர்த்துவதில்லை, விளக்கினேன்.
ஆம் என்போர்? என்று சபாநாயகர் கேட்பார்.
இல்லை என்போர்? என்றும் கேட்பார்.
பேர் கூப்பிடும்படி ஒருவரும் கேளாவிட்டால்
ஆம் வென்றதென்று எழுதிக்கொள்வார்கள்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அந்நேரம் நான் சபையில் இல்லை என்றேன்.
உணவகத்தில் அன்று கணவாய்க் கறி
என்பதைச் சொல்லவில்லை.

அவர் இருக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றிச்
சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே,
உண்மையில் அறியக் கேட்பவர்போல்,
"அப்ப உங்கட கதிரை?
அதுவும் கைவிடப்பட்டதோ?
எத்தினை வருசத்தில அதில மரம் வரும்?"

பிறகு தேநீர் வந்தது. சீனி கூட.
மூன்று கோரிக்கைக் கடிதம், ஒரு திருமண அழைப்பு.
வெயில் சாயத் தவறஞ்சினியோடு போய்
அந்தக் கல்லைப் பார்த்தேன்.
இலக்கம் நூற்றுப் பதினேழு.
குறித்துக்கொண்டேன்.
மரங்களுக்கிடையே பழைய வரம்பு
இன்னும் தெரிந்தது, அவர் காட்டியபோது.

அடுத்த அமர்வு.
ஒன்பதரைக்கே போய் இருந்தேன்.
பகல் உணவுக்கு எழும்பவில்லை.
பின்னேரம் சபாநாயகர் எதையோ கேட்டார்,
இல்லை என்போர்? என்பது மட்டும் காதில் விழ,
"இல்லை!" என்றேன்,
எனக்கே புதிதான சத்தத்தில்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
அது சபையை நாளைவரை
ஒத்திவைக்கும் பிரேரணை.